பத்மா நிரப்பிய தட்டு

மகளின் பிறந்தநாளன்று, நறுக்கிய காய்கனிகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, விருந்தினர் தத்தம் சாலட்டைத் தாமே கலந்துகொள்ளும்படி விட்டேன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணத் தோழி பத்மாவும் வந்திருந்தாள். எங்கள் வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும், "இப்பதான் சாப்ட்டு வந்தேன்கா" என்று தண்ணீர் மட்டுமே குடிப்பவள். அதை ஒதுக்கம் என்றெண்ணி உள்ளூர வருந்தியிருந்தேன்.

அன்றோ வெங்காயத்தையும் கேரட்டையும் விட்டுவிட்டு, வெள்ளரி, மாதுளை, தக்காளி என்று தட்டை நிரப்பினாள்.

"இன்னிக்கு சாப்புடாம வந்துட்டீங்களா ஆன்ட்டி?" என்று மகள் சீண்டினாள்.

"எப்பவும் சாப்புடாமதான்மா வருவேன். மண்ணுக்குக் கீழ விளையறத நாங்க சாப்புட மாட்டோம். உங்க வீட்ல எல்லாத்துலயும் வெங்காயம் இருக்குது. தனியா செய்யச் சொல்லக் கூச்சம்."

சாப்பிடு சாப்பிடு என்றேனே தவிர, எதைச் சாப்பிடுவாய் என்று நான் கேட்டதேயில்லை. அவள் மறுபடியும் வெள்ளரிக்குக் கை நீட்டினாள். கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.