பீடோங் செண்டோல் கடையின் ராஜா

தேவகியின் செண்டோல் கடை பீடோங்கில் பசாருக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணில் அது படாது. மோட்டாரில் போகிறவர்கள் கவனிப்பதற்குள் தாண்டிவிடுவார்கள். குருணில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை செய்தவள், ஆள்குறைப்பில் வெளியே வந்தபோது வயது நாற்பத்திரண்டு. நோன்பு மாதங்களில் ஐஸ் போட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றி அவள் செய்து விற்ற செண்டோலுக்குத் தொழிற்சாலையில் நல்ல பெயர் இருந்தது. அதை நம்பித்தான் கடையைத் திறந்தாள். ஆறு மாதம் ஈ ஓட்டினாள்.

அதே தொழிற்சாலையின் ஆபீசில் இருந்த அமண்டா, இப்போது சுங்கைப்பட்டாணியில் சின்னக் கடைகளுக்குப் போனில் விளம்பரம் செய்து கொடுப்பவள், ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க கடைய யாருக்கும் தெரியலக்கா. வர்றவங்களையே சொல்ல வைக்கணும். கடைக்கு வந்து போன்ல செக்-இன் பண்ணட்டும். இங்கதான் இருக்கேன்னு அவங்க கூட்டாளிங்க எல்லாருக்கும் போயிடும்."

"சும்மா பண்ணுவாங்களா?"

"போட்டி வைங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கணக்கு. மாசத்துல யாரு அதிகமோ அவருதான் ராஜா. அடுத்த மாசம் முழுக்க ராஜாவுக்கு தினமும் ஒரு கிண்ணம் ஃப்ரீ. போட்டோ எடுத்து கண்ணாடியில ஒட்டுங்க."

தேவகி சிரித்தாள். ஆனாலும் செய்தாள். முதல் மாதமே ராஜாவானவர் பழனியாண்டி.

அறுபத்து மூன்று வயது அவருக்கு. செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மனைவி இறந்தபிறகு திகாம் பத்துவில் மகள் நளினியோடு இருந்தார். நளினி குருணில் வேறொரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது. தினமும் மூன்று மணிக்கு மோட்டாரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே போனை எடுப்பார். செக்-இன் செய்வதோடு நிற்கமாட்டார், ஒரு வரியும் எழுதுவார். "இன்று மழை. இருந்தாலும் அரசவை கூடியது." "மந்திரிகள் யாரும் வரவில்லை. ராஜா தனியாகக் குடிக்கிறார்." தொழிற்சாலைப் பெண்கள் அதைப் படித்துவிட்டு ராஜாவைப் பார்ப்பதற்கென்றே வேன் பிடித்து வந்தார்கள். அவரோடு படம் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் தேவகிக்கு நாற்காலி போதாமல் போயிற்று.

மே மாதத்தில் ஒருநாள் அவர் கிளினிக் புத்தகத்தை மேசையில் மறந்துவிட்டுப் போனார். அவரைக் கூப்பிட்டுக்கொண்டே அதை எடுத்த தேவகி, அட்டையில் 'கென்சிங் மானிஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்கு இனிப்பு நீரா?"

"பத்து வருசமா இருக்கு. மாத்திர போட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீ பாட்டுக்கு ஊத்து தங்கச்சி."

அவள் அடுத்த நாலு நாள் குலா மெலாக்கா வெல்லப்பாகைப் பாதிதான் ஊற்றினாள். ஐந்தாம் நாள் அவர் பத்துப் பேர் முன்னால் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். "ராஜாவுக்கே தண்ணிய ஊத்துறா பாருங்க லா." எல்லோரும் சிரித்தார்கள். தேவகியும் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதன்பிறகு குறைக்கவில்லை. பெரிய ஆள், அவருக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆகஸ்டில் போட்டி சூடு பிடித்தது. குருணிலிருந்து பார்சல் கொண்டுவரும் யோகேந்திரன் தினமும் அந்த வழியாகப் போகிறவன். மாதத் தொடக்கத்தில் மூன்று நாள் விட்டவன், பிறகு விடாமல் செக்-இன் செய்தான். மாதக் கடைசியில் கடையிலேயே முடிசூட்டு விழா என்று அமண்டா அறிவித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பழனியாண்டி இரண்டு நாள் வரவில்லை.

தேவகிக்குக் கவலை வந்தது. அவருக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை கொஞ்சம். யோகேந்திரன் ஜெயித்தால் அவன் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவானே, கூட்டம் யாருக்காக வரும் என்ற கவலைதான் அதிகம். போனை எடுத்து அவருக்கு வாய்ஸ் அனுப்பினாள்.

"அண்ணே, எங்க காணோம்? யோகேந்திரன் உங்கள தாண்டிடுவான் போல இருக்கு. ரெண்டே நாளுதான் பாக்கி. எப்படியாச்சும் வந்துடுங்க லா."

அன்று மூன்று மணிக்கு அவர் வந்தார். வலது காலில் ஷூ, இடது காலில் துணி சுற்றி அதன்மேல் ரப்பர் செருப்பு. மோட்டாரிலிருந்து இறங்கச் சிரமப்பட்டார்.

"கால்ல என்னண்ணே?"

"ஷூ கடிச்சிருச்சு. புண்ணு ஆறல. நளினி வீட்ல படுன்னா."

கிண்ணத்தை வைக்கக் குனிந்தபோது துணியிலிருந்து ஒரு வாடை வந்தது. தேவகிக்கு அது என்ன வாடை என்று தெரியும். கிண்ணத்தை வைத்தாள். மறுநாளும் வந்தார், விழா நாளன்றும் வந்தார். அட்டையில் செய்த கிரீடத்தை அவர் தலையில் வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தைப் போடுவதற்கு முன்னால் தேவகி விரலால் அதன் கீழ்ப்பக்கத்தைத் தள்ளி, கால் தெரியாமல் வெட்டினாள்.

விழா முடிந்த ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

செய்தி கேட்டுத் தேவகி ஓடினாள். வார்டு வாசலில் நளினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க கடைக்கு வர ஆரம்பிச்சப்புறந்தான் அப்பா சிரிச்சாரு. நீங்க நல்லா இருக்கணும்." அதன்பிறகு கடை மூடும் திங்கட்கிழமைகளில் சாதமும் பாகற்காயும் எடுத்துக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனாள். நளினி ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள். ஒவ்வொரு நன்றியும் அவளுக்கு முதுகில் விழும் அடி மாதிரி இருந்தது. போட்டியை நிறுத்தினாள்.

நாலாவது திங்கள், பழனியாண்டி தூங்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் நளினியிடம் தன் போனை நீட்டி அந்த வாய்ஸைப் போட்டாள். முழுதும் ஓடி முடிந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எப்ப அனுப்புனது?" என்றாள் நளினி.

"விழாவுக்கு ரெண்டு நாளு முன்ன."

"அவருக்கு இனிப்பு நீருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மே மாசத்துலேருந்து தெரியும்."

"கால பாத்தீங்களா?"

"பாத்தேன். வாடையும் அடிச்சிச்சு."

நளினி அடுப்பை அணைத்தாள். தேவகி கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவித் துடைத்து அவள் பையில் வைத்தாள். "ஷிப்டுக்கு போகும்போது நான் அவர உள்ள வச்சு கதவ பூட்டிட்டு போயிருக்கணும். அது என் தப்பு. ஆனா நீங்க இனிமே இங்க வராதீங்கக்கா," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

இரண்டு மாதம் தேவகி போகவில்லை. கூட்டம் மெல்லக் குறைந்தது. ராஜா எங்கே என்று கேட்டவர்களிடம், உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். கண்ணாடியில் இருந்த படத்தை எடுத்தபோது, கால் இல்லாமல் வெட்டிய படம் என்பது உறைத்து, கடைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள்.

பிறகு பழனியாண்டியே போன் செய்தார்.

"நளினிகிட்ட ஏன் சொன்ன?"

"சொல்லாம இருக்க முடியலண்ணே."

"சொன்ன, உனக்கு மனசு லேசாச்சு. எனக்கு திங்கக்கெழம வர்ற ஒரு ஆளும் இல்லாம போச்சு."

தேவகி இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"நான் கூப்புடலன்னா வந்திருக்க மாட்டீங்கதானேண்ணே?" என்று கேட்டாள். இல்லை, எப்படியும் வந்திருப்பேன் என்று அவர் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தாள்.

"வந்திருக்க மாட்டேன்," என்றார் அவர். "படுத்துதான் கெடந்தேன். நீ கூப்புட்ட, வந்தேன். பொய் சொல்லி என்னாத்துக்கு. ஆனா அந்த வருசம் முழுக்க என்னைய வான்னு கூப்புட்டது நீ ஒருத்திதான்."

மகளுக்குத் தெரியாமல் அவரைப் பார்க்கப் போகத் தேவகிக்கு மனம் வரவில்லை. குருணுக்குப் போய், நளினியின் ஷிப்டு முடியும் நேரத்தில் தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். நளினி அவளைப் பார்த்தும் வேனை நோக்கி நடந்தாள். ஏறுவதற்கு முன் நின்றாள்.

"நீங்க போன்ல பேசுனத அப்பா சொன்னாரு. திங்கக்கெழம கிளினிக்குக்கு கூட்டிட்டு போக எனக்கு லீவு கெடைக்க மாட்டேங்குது. நீங்க கூட்டிட்டு போங்க. என்கிட்ட எதுவும் பேசாதீங்க."

இப்போது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு தேவகி தன் பழைய காரை அந்த வீட்டு வாசலில் நிறுத்துகிறாள். நளினி வீட்டில் இருந்தால் கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தேவகி ஊன்றுகோலைப் பிடித்து அவரை முன் சீட்டில் உட்கார வைப்பாள். செயற்கைக் கால் வரும்வரை இப்படித்தான்.

போன வாரம் கார் கிளம்பியதும், மறுமுறை வரும்போது ஒரு கிண்ணம் செண்டோல் கொண்டுவா என்றார். முடியாது என்றாள். சின்னக் கிண்ணம் போதும் என்றார். அதுவும் முடியாது என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளினிக் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.