விஜயலட்சுமி சொல்லாத ஓடிபி

விஜயலட்சுமி பிறந்ததும் வளர்ந்ததும் தாராவியில். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்த கையோடு தேவ்நார் பக்கம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாய்லர், நீராவிக் குழாய், பம்பு எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும். எது நின்றாலும் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கல்யாணமாகி, மகள் அம்மு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு வீட்டில் ஆஸ்திரேலியா பேச்சு வந்தது. அந்த ஆசையை வளர்த்தவன் அவள் கணவன் சுரேந்திரன். தொண்ணூறடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

மாட்டுங்காவில் இருந்த ஏஜென்ட் நம்பிராஜனிடம் இருவரும் போனார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேற விரும்பும் எஞ்சினியர், தான் எந்த வகை எஞ்சினியர் என்று முதலில் சொல்ல வேண்டும். தான் பார்த்த வேலைகளைக் கட்டுரைகளாக எழுதி அதை நிரூபிக்கவும் வேண்டும். அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விசாவுக்கு அழைப்பு வரும். நம்பிராஜன் யோசிக்கவே இல்லை.

"டிகிரி மெக்கானிக்கல்தானே மேடம்? மெக்கானிக்கல் எஞ்சினியர்னே போட்டிரலாம். கட்டுரையெல்லாம் நம்ம ஆளு எழுதிருவான்."

கட்டுரைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயிலில் வந்தன. அம்முவுக்குத் தலை பின்னிவிட்டு வந்து திறந்தாள். முதல் பக்கத்திலேயே, கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் குழாயை அவள் வடிவமைத்ததாக எழுதியிருந்தது. அவளுடைய தொழிற்சாலைக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது. இது வேறு யாரோ எங்கேயோ செய்த வேலை. மேலே அவள் பெயர் மட்டும் இருந்தது.

கூட வேலை பார்த்த வாசிம் நினைவுக்கு வந்தான். இப்படித்தான் காசு கொடுத்து எழுதி வாங்கினான். அதே வரிகள் இன்னொருவர் விண்ணப்பத்திலும் இருந்தனவாம். பொய்த் தகவல் என்று நிராகரித்து, சில வருடங்களுக்கு விண்ணப்பிக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் கேன்டீனில் தனியாகத்தான் உட்காருவான்.

நம்பிராஜனிடமிருந்து போன் வந்தது.

"மேடம், எல்லாம் ஏத்தியாச்சு. பேமென்ட் போனா சப்மிட் ஆயிரும். ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

ஓடிபி வந்திருந்தது. அதைப் பார்த்தாள். மறுபடியும் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"சொல்லுட்டி, டைம் போவுதுல்லா," என்றான் பக்கத்தில் இருந்த சுரேந்திரன்.

"இது நான் செஞ்ச வேலை இல்லங்க. நாளைக்கு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"எல்லாரும் இப்பிடித்தான் போறாவ."

"வாசிம் போகலியே."

போனில் நம்பிராஜன் "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் போனை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அம்முவின் எதிர்காலத்தைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. சுரேந்திரன் கடைக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் தொழில் வகைகளின் விளக்கங்களைப் படித்தாள். வடிவமைப்பு வேலை அவள் நாளில் சிறு பங்குதான். தொழிற்சாலையை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் பாதுகாப்பைக் கவனிப்பதும்தான் அவளுடைய வேலை. அதற்கென்றே உற்பத்தி ஆலை எஞ்சினியர் என்று ஒரு வகை இருந்தது. அதைப் படித்ததும் மூச்சு சற்று இறங்கியது. ஆனால் அந்த வேலைகளையெல்லாம் அவள் செய்ததாக மேலாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நாட்டை விட்டுப் போகப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். விசாவும் வராமல் வேலையும் போனால்?

மேலாளர் சந்திரமௌலியின் அறைக் கதவு வரை போய்த் திரும்பினாள். மறுநாள் உள்ளே போனாள். தான் செய்த வேலைகளை எழுதிய தாளை மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"போயிடறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"கெடச்சா போவேன் சார்."

"இதுல ஒண்ணை விட்டுட்டியே. பாய்லருக்குக் கொதிநீர் திரும்பி வர்ற லைனை மாத்தினது யாரு? நீதானே கணக்குப் போட்டு ட்ராயிங் குடுத்தே? அதையும் எழுதிண்டு வா. கையெழுத்துப் போடறேன்."

சொன்னபடியே போட்டுக் கொடுத்தார். ஆனால் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அடுத்த மாதம் வேறொருவருக்குப் போனது.

கட்டுரைகளை அவளே எழுதி, ஏஜென்ட் இல்லாமல் விண்ணப்பித்தாள். பிறகு மெயில் சத்தம் கேட்டாலே செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். ஒருமுறை கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தபோது, மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாள். பொய் எதுவும் எழுதவில்லை என்று தெரிந்தும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கொதிநீர் லைனின் ட்ராயிங்கை அனுப்பி வைத்தாள்.

முடிவு வந்தது. உற்பத்தி ஆலை எஞ்சினியர் என்று அவளை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கடைக்கு ஓடிப்போய் போனை நீட்டினாள். சுரேந்திரன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் படித்தான்.

"அன்னைக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதட்டி," என்றான்.

விசாவுக்கான அழைப்பு இன்னும் வரவில்லை. வருமா என்ற பயம் அவளுக்கு இப்போதும் உண்டு. யாராவது கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் மட்டும் போய்விட்டது.