மாமாவும் தபால் கந்தோர் எழுத்தரும்

என் மாமா கதவிடம்கூட மன்னிப்புக் கேட்பவர். எங்கள் கட்டடத்தின் முன்கதவு பின்னால் வந்து தோளில் இடித்தால் "பார்தோன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவார். கனடாவுக்கு வந்து அவர் முதலில் பழகிய பிரெஞ்சுச் சொல் அது. அம்மாவின் தம்பியான அவர் மொன்ட்ரியாலில் எங்கள் இரண்டறை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. காலையில் டோர்வல் விமான நிலையத்துக்குப் போய் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்வார். பின்னேரம் திரும்பிவரும்போது மேல்மாடிக்காரியின் குட்டி நாய் குரைத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அப்பா சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்ததெல்லாம் ஒரே வீரனின் படக்கதைகள். பகலில் அவர் தபால் கந்தோர் எழுத்தர். ஆபத்து வந்தால் சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு பறப்பார். தாள் மஞ்சளித்துப்போன மிகப் பழைய புத்தகங்களில் எழுத்தர் மைப்போத்தலைத் தட்டி ஊற்றுவார், எலியைக் கண்டு மேசையில் ஏறுவார், மேலதிகாரி அதட்டினால் திக்குவார். அதற்குப் பிந்திய புத்தகங்களில் அவ்வளவு தடுமாற்றம் இல்லை. வெறும் கூச்சக்காரர், அவ்வளவுதான். அவருடைய பெரிய மூக்குக்கண்ணாடியும் சிறிதாகிவிட்டது. எழுத்தர் நிமிர்ந்து நடக்க நடக்க எனக்கு அவரில் ஆர்வம் குறைந்தது. விழுந்து எழும்புகிற பழைய எழுத்தரைத்தான் எனக்குப் பிடிக்கும். இவ்வளவு பயந்தவராக நடிப்பதென்றால் உள்ளே எவ்வளவு பலம் இருக்கவேண்டும்! நாய்க்கு ஒதுங்கி நிற்கும் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயிலின் கீழ் மண்டபத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மன்னாரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவர் மாமாவைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இளங்கோ! நீ உயிரோடயா இருக்கிறாய்?"

மாமாவின் பெயர் இளங்கோ இல்லை.

"இல்லை அண்ணை, நீங்கள் வேற ஆரையோ நினைச்சுக் கதைக்கிறீங்கள்."

மாமா கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். நவம்பர் மாதக் குளிர். கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிய எனக்குச் சந்தோசம் தாங்கமுடியவில்லை. மாமாவுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது! எழுத்தருக்கும் அப்படித்தானே.

மறுநாளே அதைப் பள்ளிக்கூடத்தில் என் தோழியிடம் சொன்னேன். அவள் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருந்த மட்டக்களப்புக் குடும்பத்துப் பிள்ளை. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள்.

அன்று பின்னேரம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் கேட்டது. "அந்தப் பேர் வெளியில வந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், தம்பி. விசாரணைக்கு இன்னும் பதினொரு நாள்தான் கிடக்கு. வாயைத் திறந்திடாத."

அகதி விசாரணை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்புவது தெரியும். அன்றிலிருந்து, மாமா தானே துப்புரவு செய்த விமானத்தில் அவரை ஏற்றி அனுப்புவதாக ஒரு படம் மனதில் வந்து போகவே மறுத்தது. தோழி யாரோடு கதைத்தாலும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய வாசனைப் பேனைகள் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தேன். அவளுடைய அம்மா படிக்கட்டில் என் அம்மாவோடு நின்று கதைத்தால் இடையில் புகுந்து அம்மாவை வீட்டுக்குள் இழுப்பேன். வீட்டு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன்.

சனிக்கிழமை மாமா என்னை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெட்ரோவில் அவர் பக்கத்தில் இருந்தபோது அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, நான் ஒருத்திக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"உங்களுக்கு இன்னொரு பேர் இருக்கெண்டு. நீங்கள் பயந்த ஆள் மாதிரி நடிக்கிறீங்கள் எண்டு."

நாங்கள் இறங்கவேண்டிய நிலையம் வந்து போனது. அடுத்ததும் போனது. நான் அழத் தொடங்கியபிறகுதான் மாமா என் தலையில் கைவைத்தார்.

"அழாத பிள்ளை. எத்தினை நாளைக்குத்தான் ஒளிச்சு வைக்கிறது."

திங்கட்கிழமை அவர் வழக்கறிஞரிடம் போய் அந்தப் பெயரைத் தானாகவே சொல்லிவிட்டார். அம்மா கத்தினார். இரண்டு நாள் மாமாவோடு கதைக்கவில்லை. எல்லாம் என்னால்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணை முடிந்து வந்த மாமா வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்: "கேட்டாங்கள், எல்லாத்தையும் சொன்னன்." அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் தபால்காரரைக் கண்டாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். கடைசியில், அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது.

நான் வளர்ந்தபிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். சண்டைக் காலத்தில், பதினேழு வயதில், ரியூசன் வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்த மாமாவை ஆயுத இயக்கத்தார் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இளங்கோ என்பது அங்கே வைத்த பெயர். எட்டு மாதம் கையில் துவக்கோடு நின்றுவிட்டு ஒரு மழைநாளில் தப்பி ஓடிவந்திருக்கிறார்.

கடிதம் வந்த அன்று பின்னேரம் நான் ஒரு புத்தகத்தோடு இருந்தேன். நூலகத்துக்கு அப்போதுதான் வந்திருந்த, அந்த வீரனின் ஆகப் புதிய கதை. மாமா பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"இதிலயும் உந்த மனுசன் நடிக்கிறாரோ?"

"இல்லை மாமா. இதில எல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள்," என்று சலிப்போடு பக்கத்தைக் காட்டினேன். எழுத்தர் தன் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற இடம். மேலங்கிதான் வேசம், கடிதம் பிரிக்கிறவன்தான் நான் என்று சொல்கிறார். "எனக்கு இந்தக் கதை பிடிக்கேல்ல."

அந்த வரியைப் பிரெஞ்சில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இன்னொருக்கா," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, என்னோடு சேர்ந்து சொல் சொல்லாகத் தானும் சொல்லிப் பார்த்தார். மாமாவுக்கு இப்போதாவது பிரெஞ்சு படிக்க ஆசை வந்ததே என்று, நான் அவருடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.