ஒன்றரை லீற்றர் மண்ணெண்ணெய்

நான் எதையும் திகதி போட்டு எழுதி வைப்பவன். குளம் எந்த நாளில் நிரம்பி வான் பாய்ந்தது, யானை எந்த இரவில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது, எல்லாம் என் கொப்பிகளில் இருக்கின்றன. அவற்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குரிய பக்கம் பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

தட்டுப்பாட்டால், கைபேசியில் கியூஆர் குறியைக் காட்டி, கிழமைக்கு இவ்வளவுதான் என்று பெற்றோல் வாங்கிய காலம் அது. என் தங்கையும் அவள் கணவரும் கனடாவிலிருந்து விடுமுறைக்கு ஒட்டுசுட்டானுக்கு வந்திருந்தார்கள். மச்சானுக்குக் குளத்தில் சொந்தப் படகு ஓட வேண்டும் என்று ஆசை. சிறிய பைபர் படகொன்றையும் புத்தம்புது எஞ்சினையும் வாங்கி முத்தையன்கட்டுக் குளத்தில் இறக்கினார். ஓட்டுவதற்கு, குளத்துக்குக் கீழே கச்சான் கடலை பயிர் செய்கிற ஒருவரைப் பிடித்தார். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே குளத்துத் தண்ணீர்தான். ஆனாலும் அவர் என்னை ஐயா என்பார், நான் அவரை நீ என்பேன்.

திரும்பிப் போகும்போது படகை அவரிடமே விட்டுப் போவதாக மச்சான் சொல்லியிருந்தார். குளம் பார்க்க வருபவர்களை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கையில் அவர் தன் வீட்டுப் பலகைகளைக் கொண்டுவந்து, கரையில் ஏறி இறங்க ஒரு தட்டு அடித்திருந்தார்.

பெற்றோல் சேர்ப்பது என் பொறுப்பு. எங்கள் வான் வண்டிக்குக் கிடைக்கும் பங்கில் மிச்சம் பிடித்து ஐந்து லீற்றர் கானொன்றை நிரப்பி வைத்திருந்தேன். அந்தக் கிழமை, பளையில் ஒருவரிடம் பழைய பஞ்சாங்கங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கானிலிருந்து என் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிக்கொண்டு போனேன். பஞ்சாங்கங்களைக் கறையான் தின்றிருந்தது.

சனிக்கிழமை மாலை கானைத் தூக்கியபோது குறைவு நன்றாகவே தெரிந்தது. எடுத்தேன் என்று சொன்னால் மச்சான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற மனிதன், ஒரு கானைக் காக்கத் தெரியாதவனாக அவர் முன் நிற்க எனக்கு மனம் வரவில்லை. சாமான் அறையில் மண்ணெண்ணெய் இருந்தது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு பல வருடம் ஓடியவன் நான். எஞ்சினுக்கு எதைக் கொடுத்தாலும் குடிக்கும் என்ற திமிர் எனக்கு இருந்தது. ஒன்றரை லீற்றர் ஊற்றிக் குலுக்கி, கரைக்குக் கொண்டுபோய்ப் படகோட்டியிடம் கொடுத்தேன். இரவு கான் அவர் வீட்டில் இருந்தது. ஞாயிறு காலையில் எங்கள் கண் முன்னால் அவர்தான் அதைப் படகில் ஊற்றினார்.

குளத்தின் நடுவில், பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும் இடத்தில், எஞ்சின் இருமி வெள்ளைப் புகை கக்கி நின்றது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு குழாயைக் கழற்றி, ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்து மணந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, கான்ல பெற்றோல் மட்டும்தானேங்க இருந்திச்சு?"

"ஓம். பின்ன என்ன, மோரே இருந்தது?"

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அண்ணை, அங்க பாருங்கோ, அந்தக் கட்டை அசையுது," என்றாள் அவள் சற்றுப் பொறுத்து. முதலைதான்.

"பயப்பிடாதையும். உம்மை விழுங்கினா அதுக்குத்தான் செமியாது," என்றார் மச்சான்.

படகில் ஒரே ஒரு துடுப்பு. இரண்டு மணித்தியாலம் படகோட்டி அதை வலித்தார். வெயில் ஏற ஏற மச்சானின் பகிடி வற்றியது. "எஞ்சினைத் துடைச்சு வைக்கத் தெரியாது, ஓட வெளிக்கிட்டிட்டான்," என்றார். படகோட்டி துடுப்பை இன்னும் ஆழமாகப் போட்டார். கரையில் துடுப்பை வைத்தபோது அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. அன்று என் கொப்பியில் எழுதினேன்: எஞ்சின் கோளாறு, ஓட்டியவருக்கு அனுபவம் போதாது.

செவ்வாய்க்கிழமை முல்லைத்தீவிலிருந்து மெக்கானிக் வந்தார். எண்ணெயை வடித்துப் பார்த்து, "இதில மண்ணெண்ணை கலந்து கிடக்கு," என்றார்.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "சனி இரவு கான் ஆரிட்ட இருந்தது? பெற்றோலை வித்துப்போட்டு மண்ணெண்ணையை விட்டிருக்கிறான். என்ன மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

புனலைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், "இருக்கலாம்," என்றேன்.

அன்று மாலை சந்தித் தேத்தண்ணிக் கடையில், ஆட்களுக்கு முன்னால், மச்சான் படகோட்டியைக் கள்ளன் என்றார். இனி வரவேண்டாம் என்றார். புதனும் வியாழனும் போயின. நான் கொப்பியையும் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை குளக்கட்டால் போனபோது, படகோட்டி அந்தத் தட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் காணாதவர் போல வேலையைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பி மச்சானிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீரோ! அட கோதாரி, தடைக்காலப் புத்தி இன்னும் உம்மை விட்டுப் போகேல்லை!" தங்கையையும் கூப்பிட்டுச் சொன்னார். அவளும் சிரித்தாள். படகோட்டி செய்ததாக இருந்தபோது அது களவு. நான் செய்தது என்றதும் பகிடி.

"அவனை வரச் சொல்லும். விசயம் முடிஞ்சுது."

சனிக்கிழமை படகோட்டியின் காணிக்குப் போனேன். புருசனும் மனைவியும் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். அவர் ஒரு செடியின் மண்ணை உதறி முடித்தார்.

"இத என்கிட்ட சொல்லி என்னங்க ஐயா? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். கள்ளன்னு சொன்னது சந்தியிலங்க. அங்க வந்து சொல்லுங்க."

"மச்சானைக் கொண்டு சொல்லுவிக்கிறன்."

"ஊத்தினவங்க சொல்லணும்ங்க."

"இப்பவே கூட்டிட்டுப் போங்க," என்றார் அவர் மனைவி, நிமிராமல். "நாளைக்குன்னா ஐயாவுக்கு வேற வேலை வந்திடும்."

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"அண்டைக்கு மச்சான்ர போட்டில ஒரு பிழை நடந்துபோச்சு," என்று தொடங்கினேன்.

"யாரு செஞ்ச பிழைங்க ஐயா?"

"நான் செய்தது. பெற்றோலை எடுத்தது நான். அதை மறைக்க மண்ணெண்ணை விட்டதும் நான். இவர் ஒண்டும் எடுக்கேல்லை. தெரிஞ்சுகொண்டும் நான் பேசாமல் இருந்தனான்."

யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்கள். "அப்ப ஐயா போட்டுக்கு மருந்து குடுத்துப் பாத்திருக்கிறார்!" என்றது ஒரு குரல். கடை முழுக்கச் சிரித்தது. மச்சானின் அதே சிரிப்பு. வாசலில் நிற்பவரைக் கள்ளன் என்றபோது இந்தக் கடையில் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அவர் சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போட் ஓட்ட வர்றேங்க," என்றார். "ஆனா எண்ணெய் நான்தான் வாங்குவேன், நான்தான் ஊத்துவேன். ஐயா கானத் தொடக்கூடாது."

அதற்கும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"சரி," என்றேன்.