முப்பத்தெட்டுக்குக் குறையாத வகுப்பு

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், புஷ்பலதா டீச்சர் வழியிலேயே வளரறி மதிப்பீட்டை முடித்துவிடுவார். பாடம் நடக்கும்போதே பிள்ளைகளுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று பார்த்து நாற்பதுக்கு மதிப்பெண் போடவேண்டிய பதிவேடு அது. பிள்ளைகள் இல்லாமலே போடலாம் என்பதுதான் அதன் வசதி. யாருக்கும் முப்பத்தெட்டுக்குக் குறையாது. பஸ் பள்ளத்தில் குதித்தால் முப்பத்தொன்பது.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. போன ஆடியில் ஒருநாள் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்துபோனது. பொழுது போகவேண்டுமே என்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார்.

"இன்னிக்கு இன்னா புரியலன்னு எழுதுங்க. கூடவே போர்டுல இருக்கற 1/2, 1/4 ரெண்டையும் கூட்டிப் போடுங்க. பேர் எழுத வேணாம்."

ஸ்டாஃப் ரூமில் சீட்டுகளைப் பிரித்தார். 'பின்னம்னா சடை பின்றதா டீச்சர்?' என்றது ஒன்று. 'எல்லாம் புரிந்தது. கணக்கு மட்டும் புரியவில்லை' என்றது இன்னொன்று. முப்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் மேலே இருந்ததை மேலோடும் கீழே இருந்ததைக் கீழோடும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். எல்லாரும் முப்பத்தெட்டு வாங்கியவர்கள். டீச்சருக்கு முகம் சுட்டது.

மறுநாள் துர்கா என்ற பெண்ணை எழுப்பினார். "அரைக் கிலோ தக்காளி வாங்குன. அப்பால இன்னொரு கால் கிலோ. மொத்தம் எவ்ளோ?"

"முக்கால் கிலோ டீச்சர்."

"அப்ப நேத்து எல்லாரும் ஏன் ஆறுல ரெண்டுன்னு போட்டீங்க?"

"இது தக்காளி டீச்சர். நேத்து நீங்க குடுத்தது கணக்கு."

அன்றிலிருந்து தினமும் சீட்டு. புரியாததை மறுநாள் காலையில் வேறு மாதிரி சொல்வார். மாதக் கடைசியில் பதிவேட்டில் இருபத்திரண்டு, பதினேழு என்று உள்ளதை எழுதினார். தலைமையாசிரியர் பரசுராமன் பதறினார்.

"இன்னாங்க டீச்சர், ஒரே மாசத்துல இப்டி வுழுந்துட்டாங்க?"

"வுழலைங்க சார். இப்பதான் எழுந்துகினு இருக்காங்க."

"எழுந்துக்கட்டும். முப்பத்தெட்டுல எழுந்துக்கட்டும்!"

டீச்சர் மாற்றவில்லை. அடுத்த வாரம் உத்தரவு வந்தது: மதிப்பெண் குறைந்த வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு வளரறி மதிப்பீட்டுப் பயிற்சி. வட்டாரத்திலேயே அப்படி ஒரு வகுப்புதான் இருந்தது. ஆகவே திருத்தணியில் ஒரு பெரிய அறையில், நூறு நாற்காலிகளுக்கு நடுவே டீச்சர் தனியாக உட்கார்ந்தார். பயிற்சியாளர் கோதண்டம் நூற்றுநாற்பது ஸ்லைடுகளைத் திரையைப் பார்த்தபடி வாசித்தார். மாலையில் கருத்துப் படிவம் நீட்டினார். 'மிக நன்று' என்பதில் முன்பே டிக் அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

டீச்சர் தாளைத் திருப்பி, 'நான்காவது ஸ்லைடுக்குப் பிறகு எதுவும் புரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

கோதண்டம் வாசித்துவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கு ரெண்டாவதுலயே நின்னுபோச்சிங்க மேடம். பதினாலு எடத்துல நடத்திட்டேன், ஒருத்தரும் கேக்கல."

"உக்காருங்க சார்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டார் டீச்சர். கடைசி பஸ் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அரையாண்டுத் தேர்வில் பின்னக் கணக்கை இருபத்தேழு பேர் சரியாகப் போட்டார்கள். மற்ற ஐந்து பேரை மதியச் சாப்பாடு முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, எது புரியவில்லை என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.