விலை இறங்கட்டும் என்று காத்திருந்த மழைக்காலம்

வாடகை வீட்டுக்காரர் ஒரு காலையில் மாடியேறி வந்து, மகன் கட்டாரிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறான், தை பிறந்ததும் வீடு வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அவர் தன்மையாகச் சொன்னதால், தலையாட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் பார்மசியில் நிற்கிறேன். இரண்டு பேருமே அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். லயத்து ஒற்றையறைக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஓட்டைத் தகரத்தை மாற்றுவதற்குக்கூட ஆபீசில் போய் நிற்க வேண்டும். அப்படி நின்றே அப்பா கிழவரானார். அதனால் எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய ஒரு வீடு என்பது எங்களுக்கு ஆசை என்பதையும் தாண்டிய ஒன்று.

விற்பதற்கு ஒரு வீடு இருந்ததும் எங்களுக்குத் தெரியும். நோர்வூட் போகும் ரோட்டுக்கு மேலே, படியேறிப் போனால் டீச்சரின் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் மாற்றலாகி வந்து, இங்கேயே பென்ஷன் வாங்கியவர். எங்கள் மகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். முழங்கால் வலி படியேற விடவில்லை, தனியாகவும் இருந்தார். ஊரிலிருந்த தங்கச்சி கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் விற்றுவிட்டுப் போக முடிவு செய்திருந்தார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். மூன்று அறைகள், சிமெந்துத் தரை, முன்பக்கம் ஹைட்ரேஞ்சியா. டீச்சர் விலையைச் சொன்னார். எங்களால் முடியாத விலை என்று சொல்ல முடியாது. நகையை விற்று, பேங்கிலும் கடன் எடுத்தால் முடியும். ஆனால் அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து படுக்கக்கூட எங்களுக்குக் கட்டாது.

கொழும்பில் வேலை செய்யும் என் கொழுந்தன் அன்று மாலையே போன் எடுத்தார்.

"அண்ணி, அவசரப்படாதீங்க. வெல விழப் போகுது. நாட்ட உட்டுப் போறவங்க எல்லாம் விக்கிறாங்க, வாங்கத்தான் ஆளில்ல. கொஞ்சம் பொறுத்தா பாதி வெலைக்கு எடுக்கலாம்."

அந்த வருஷம் எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். மருந்து வாங்க வந்தவர்கள்கூட மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு விலை பேசினார்கள். "கட்டாயம் விழும்" என்பார் ஒருவர். "சிமெந்து விக்கிற வெலையில கட்டின ஊடு எப்பிடிங்க எறங்கும்?" என்று திருப்பிக் கேட்பார் அடுத்தவர். இரண்டும் சரியாகவே பட்டன. என் வீட்டுக்காரருக்குத் தம்பி சொன்னதுதான் வேதம்.

"பொறுப்போம்" என்றார்.

"தை வந்துரும். அப்ப புள்ளைய கூட்டிக்கிட்டு எங்க போறது? லயத்துக்கா?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துபோனது. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தத்தில்கூடக் கோபம் இருந்தது. ரோட்டில் எந்தக் கேட்டில் விற்பனைப் பலகை தொங்கினாலும், அதற்குள் இருப்பவர்கள் சோர்ந்துபோய்க் குறைத்துக் கொடுத்தால் நல்லது என்று என் மனம் கணக்குப் போடும். அடுத்தவர் இறங்கினால்தான் நாங்கள் ஏற முடியும் என்ற நிலைமை.

பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். டீச்சர் வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாக்கப் போகிறாராம். டீச்சரே எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"அவர் நான் கேட்டதைத் தாறன் எண்டு சொல்லுறார். ஆனால் நீங்கள்தான் முதல் கேட்டனீங்கள். இந்தக் கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ."

அன்றுதான் என் வீட்டுக்காரர் முதன்முறையாகப் பயந்ததைப் பார்த்தேன். தாலிக்கொடி தவிர மற்ற நகைகளை எடுத்து மேசையில் வைத்தேன். "சரி, எடுத்துருவோம்" என்றார்.

ஆனால் அந்த வாரமே மழை பிடித்தது. மலைநாட்டு மழை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே இழுப்பில் கொட்டியது. கரண்ட் போனது, பஸ் நின்றது, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். டீச்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்து மலையில் ஒரு துண்டு தேயிலையோடு அப்படியே வழுக்கி வந்து கீழே இருந்த வீடுகளை மூடியது. நல்ல வேளையாக அங்கிருந்தவர்களை முதல் நாளே கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஜீப்காரர் அதோடு போனைத் தூக்கவே இல்லை. சரிவில் இருந்த வீடுகளை யாரும் விசாரிக்கக்கூட வரவில்லை. கொழுந்தன் மறுபடி பேசினார். குரலில் உற்சாகம்.

"நான் சொன்னேன்ல அண்ணி? இப்ப போய்க் கேளுங்க. சொன்ன வெலையில பாதி கேட்டாலும் குடுத்துருவாங்க."

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் போனோம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். ரோட்டில் மண் கிடந்ததால் வேனைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்தோம். படியோர வடிகானில் ஓடிய தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பாதி விலை என்ற எண்ணம் தலைக்குள் நிறைந்திருந்ததால், மேலே மண் கரைகிறது என்று யோசிக்கவில்லை.

டீச்சர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "முதல் பின்னால வாங்கோ" என்றார்.

குசினிக் கதவு பாதிக்கு மேல் சாத்த முடியாமல் நின்றது. நிலை கோணியிருந்தது. வெளியே, மலை மண்ணைத் தாங்குவதற்குக் கட்டிய கருங்கல் சுவர் வயிறு தள்ளியதுபோல் வீங்கியிருந்தது. குசினிச் சுவருக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு வெடிப்பு. என் கை உள்ளே போகும் போலிருந்தது.

"நேற்று இது விரல் அளவுதான்" என்றார் டீச்சர். "கிராம சேவகரிட்ட சொல்லியிருக்கிறன். இன்னும் ஒருத்தரும் வரேல்லை."

என் வீட்டுக்காரர் வெடிப்பையே பார்த்துக்கொண்டு, "டீச்சர், நாங்க வெல பேசத்தான் வந்தோங்க" என்றார்.

"தெரியும். குறைச்சுக் கேக்கத்தான் வந்திருப்பியள். அதில பிழை இல்லை. ஆனா நான் இதை உங்களுக்கு விக்கமாட்டன்."

"பாதிக்கும் குடுக்க மாட்டீங்களா டீச்சர்?" என் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "சும்மா தந்தாலும் நீங்கள் எடுக்கக்கூடாது. அந்தக் கொழும்பு ஆள் வந்திருந்தால் இதைக் காட்டியிருப்பனோ தெரியாது. ஒரு அலுமாரியை இழுத்து மறைச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சிருப்பன். எனக்கும் இதைவிட்டால் வேற ஒண்டும் இல்லை. ஆனா உங்கட பிள்ளை இதுக்குள்ள படுத்தெழும்ப வேணுமெல்லே."

அப்போதுதான் கூரைக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணன் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "மிஸ்! யமு, யமு! கந்த எனவா!" மலை வருகிறதாம். வாங்க, போவோம் என்று கத்துகிறார்.

டீச்சர் உள்ளே திரும்பினார். "என்ர உறுதி..." என்றார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். முழங்கால் மடங்காமல் அவர் தடுமாறவும், "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்று சொல்லி அப்படியே தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். வழுக்குகிற படி. நான் பின்னால் அவருடைய சட்டையைப் பிடித்தபடி இறங்கினேன். ரோட்டை எட்டியபோது மேலே பெரிய லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். திரும்பினோம். வீட்டின் முன்பக்கம் அப்படியே நின்றது. குசினி இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. மூன்று பேரும் சற்று முன்பு அங்கேதான் நின்றிருந்தோம்.

டீச்சர் அழவில்லை. "அடுப்பை நூத்தனானோ எரிய விட்டனானோ தெரியாது" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் நான்தான் அழுதேன்.

அவரை எங்கள் மாடிக்கே கூட்டிவந்தோம். பெரிய அறையில் அவரும் மகளும், சின்ன அறையில் நாங்கள். ரோடு திறந்த பிறகு ஊரிலிருந்து தங்கச்சியின் மகன் வந்து கூட்டிப் போகும் வரைக்கும் இருந்தார். மாலையில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கொழுந்தன் போன் எடுத்தபோது என் வீட்டுக்காரர் போனை டீச்சரிடமே கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவர், "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று மெல்லிய குரலில் கேட்டாராம்.

விலை விழுந்தது. சரிவில் இருந்த வீடுகளுக்கு விலையே இல்லாமல் போனது. ஆனால் சமதரையில் இருந்த வீடுகளுக்கு எல்லோரும் ஓடியதால், அங்கே முன்பைவிட ஏறிவிட்டது. டீச்சரின் பாதி வீட்டுச் சுவரில் அதிகாரிகள் வந்து, குடியிருக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நட்டஈடு கிடைக்கும் என்றார்கள். டீச்சரிடம் போனில் கேட்டால், "இன்னும் பாக்கிறம் எண்டு சொல்லுகினம்" என்கிறார்.

நடந்ததை அறிந்த வாடகை வீட்டுக்காரர் எங்களுக்குச் சித்திரை வரைக்கும் தவணை கொடுத்தார். கொட்டகலைப் பக்கம் இரண்டு அறை வீடொன்றை, நாங்கள் முதலில் நினைத்ததைவிடக் கூடுதலான விலைக்கு எடுத்தோம். விலையைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கப் போன அன்று, விற்பவர் முன்வாசலில் எங்களை வரவேற்று ஹாலைக் காட்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனோம். சமமான நிலத்தில் யாரோ முட்டைக்கோவா போட்டிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோவாதான். என் வீட்டுக்காரர் குனிந்து அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.