இன்னொண்ணு எடுத்துக்குங்க அக்கா

என் ஓரகத்தியை நான் மன்னித்துவிட்டதாக என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

அவருடைய அண்ணன் குடும்பம் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறது. நாங்கள் அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு. தீபாவளி ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. அந்த முறை அங்கே. மத்தியானச் சாப்பாடு முடிந்து உறவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஓரகத்தி ஒரு நீல டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியில் வெள்ளை நங்கூரம் போட்டிருந்தது.

"பையன் ஜெர்மனியிலேர்ந்து அனுப்பினான். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஒண்ணு போட்டுப்பேன். இது இல்லேன்னா எனக்கு ஜீரணமே ஆகாது."

பெரியவர்கள் அத்தனை பேருக்கும் சர்க்கரை வியாதி என்று அவளே முடிவுகட்டி, ஏழு வயதான என் மகளுக்கு மட்டும் ஒன்று கொடுத்தாள். கறுப்பாக, பர்பி வில்லைபோல வெட்டி, கட்டைவிரல் நகம் அளவில் இருந்தது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் டப்பாவின் மேல் கையை நீட்டினாள்.

ஓரகத்தி டப்பாவை வெடுக்கென்று இழுத்து மூடினாள். "ஒண்ணு போதும். தாம்பரம் மார்க்கெட்ல கிடைக்கற சாமானா இது, கேக்கக் கேக்கக் குடுக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பிறகு ஓடிவந்து என் மடியில் முகத்தைப் புதைத்தாள். முந்தானை நனைந்தது. என் கணவரும் சிரித்தார். அவருக்கு அன்று சாயங்காலம் காப்பி கிடைக்கவில்லை.

அதே மிட்டாயை ஒரு தட்டு நிறையக் குவித்து அவள் முன்னால் என் மகளைத் தின்ன வைக்கவேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது. குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்த தீபாவளிப் படத்தில் அந்த டப்பா ஓரமாக விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். படத்தில் பாதி ஓரகத்தியின் முழங்கை. அதைக் காட்டும்போதெல்லாம் எனக்கு வேகம் கூடியது.

மேற்குத் தாம்பரத்தில் வெளிநாட்டுச் சாமான் என்று எழுதிவைத்திருந்த கடைகளில் எல்லாம் துபாய் சாக்லேட்தான். ஆன்லைனில் எப்போது பார்த்தாலும் இருப்பு இல்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மிக்ஸி ஜார்களுக்கு நடுவே அதே நீல டப்பாவைப் பார்த்ததும் பாய்ந்து கைப்பற்றினேன். திறந்தால் உள்ளே துருப்பிடித்த ஆணிகள்.

"இதுல இருந்த மிட்டாய் எங்க?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா பேஜார் பண்ற? டப்பாதான் கீது. வோணும்னா எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் வேளச்சேரியில் ஒரு கடைக்காரர் உள்ளே போய்த் தூசி தட்டி இரண்டு பாக்கெட் கொண்டுவந்தார். அதே நங்கூரம். "யாரும் வாங்கறதில்லீங்க. திருப்பி அனுப்பலாம்னு வெச்சிருந்தேன். சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

"எங்க வீட்ல தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இதுதான்," என்றேன். வாய் கூசவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்துப் போட்டேன். முதலில் உப்பு. பிறகு அதிமதுரக் கஷாயம். அதற்கும் பின்னால், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது கிளம்புமே, அந்த நவச்சார நெடி மூக்கில் ஏறியது. கைக்குட்டையில் துப்பினேன். பக்கத்து அம்மாள் வாந்தி என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, இதும்மா! பெரியம்மா குடுத்தது."

"அன்னிக்கு இன்னொண்ணு கேட்டியே?"

"கேக்கல. வாயிலேர்ந்து எடுத்து டப்பாக்குள்ளயே வெச்சிடலாம்னு போனேன். மூடிட்டாங்க. எல்லாரும் பாத்தாங்களா, திரும்ப வாயில போட்டு முழுங்கிட்டேன்."

இதைக் கேட்டபிறகு என் கோபம் ஆறியிருக்க வேண்டும் என்கிறார் கணவர். எப்படி ஆறும்? கொடுக்கவில்லை என்பதைவிட இது மோசம். என் குழந்தையை அந்தக் கண்றாவியை விழுங்க வைத்திருக்கிறாள். அதைத்தான் தினமும் சாப்பிடுகிறேன் என்று ஊருக்கே சொல்லியும் வைத்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

அடுத்த தீபாவளி எங்கள் வீட்டில். சாப்பாடு முடிந்ததும் எவர்சில்வர் தட்டில் கறுப்பு வில்லைகளைக் குவித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். "மத்தவங்களுக்கெல்லாம் சர்க்கரை. அக்காவுக்குத்தான் இது இல்லேன்னா ஜீரணம் ஆகாது," என்று நேரே அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். "அதேதான்," என்றாள்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க அக்கா."

"போதும்மா."

"நம்ம வீட்ல என்ன கூச்சம்? தேடி அலைஞ்சு வாங்கினேன், உங்களுக்காகவே."

நாலு பேர் நடுவில் இப்படி உபசாரம் செய்தால் நம் வீடுகளில் யாரும் தப்பிக்க முடியாது. இரண்டாவது போனது. மூன்றாவதை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது. அவள் கஷ்டப்படுவதை அணு அணுவாக ரசித்தேன். நாலாவதற்குத் தட்டை நீட்டினேன்.

அப்போது என் மகள் சமையலறையிலிருந்து ஒரு பேப்பர் கப்போடு வந்தாள். இரண்டு கைகளாலும் அதை ஓரகத்தியின் வாய்க்குக் கீழே பிடித்தாள்.

"துப்பிடுங்க பெரியம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

ஓரகத்தி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து துப்பினாள்.

ஒரு வருஷம் நான் ஊதி ஊதி வளர்த்த நெருப்பில் என் மகளே தண்ணீர் ஊற்றிவிட்டாள். சமையலறைக்கு இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "உன்னை யாருடி கப் கொண்டுவரச் சொன்னா?"

"எனக்கு அன்னிக்கு யாருமே கொண்டு வரலியே," என்றாள்.

தட்டில் மீந்ததை ஆணி டப்பாவில் கொட்டி மூடி, மேல் அலமாரியில் வைத்தேன். இன்னும் எறியவில்லை.